ஹெட் கேஸ்கெட் வேலைக்கு அப்புறம் இஞ்சின் லைட் எரியுது: கன்வெர்ட்டரை மாத்தறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்

நீங்க எழுதினதைச் சுருக்கிச் சொன்னா இதுதான். போன மாசம் மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறும்போது பர்லியார் தாண்டி வண்டி ஹீட் ஆகி நின்னுபோச்சு. ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் ப்ளாக்குக்கும் மேல மூடற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற சீல்) போச்சுன்னு இஞ்சினைப் பிரிச்சு, ஹெட்டை ஃபேஸிங் போட்டு (முகத்தைச் சீவிச் சமமாக்கி), டைமிங் செயின் செட்டும் வாட்டர் பம்ப்பும் புதுசா மாட்டிக் குடுத்தாங்க. ரெண்டு வாரத்துல மஞ்சள் கலர் இஞ்சின் லைட் எரிய ஆரம்பிச்சுது, ஸ்கேனர்ல பி 0171, பி 0420-ன்னு ரெண்டு எரர் கோட் காட்டுது, வேலை பார்த்த மெக்கானிக் அழிச்சு விட்டாலும் நாலு நாள்ல திரும்ப வந்துருது, கீழ கோயம்புத்தூர்ல வேற ஒரு இடத்துல காட்டினதுக்கு கேடலிட்டிக் கன்வெர்ட்டரும் (சைலன்ஸர் லைன்ல புகையைச் சுத்தம் பண்ற டப்பா) ஆக்சிஜன் சென்சாரும் மாத்தியே ஆகணும்னு பெரிய தொகை சொல்லிட்டாங்க. கன்வெர்ட்டர் மாத்தலாமா வேண்டாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா உங்க மனசுல இருக்கற கேள்வி அது இல்லைன்னு நினைக்கறேன். இவ்ளோ செலவு பண்ணி செஞ்ச வேலைல எதாவது விட்டுப்போச்சா, இல்ல அந்த வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாம புதுசா ஒண்ணு போயிருச்சா, இதானே?

நான் குன்னூர், கோத்தகிரி பக்கம் ரொம்ப வருஷமா பெட்ரோல் இஞ்சின் வேலையும் அதோட வயரிங் வேலையும் பாக்கறவன். பெரிய வேலை முடிஞ்ச உடனே லைட் எரிஞ்சா முதல்ல சந்தேகப்பட வேண்டியது கை வச்ச இடத்தைத்தான், கை வைக்காத பார்ட்டை இல்ல. ஹீட் ஆகறதுக்கு முன்னாடி வரைக்கும் லைட் இல்லாம ஓடின வண்டி, அந்தக் கன்வெர்ட்டரும் சென்சாரும் அதே வண்டிலதான் இருந்துச்சு. ரெண்டும் ஒரே வாரத்துல தானா சாகறது நடக்காதுன்னு சொல்லல, ஆனா அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நிறைய இருக்கு, அதுல பாதி காசே செலவாகாத வேலை.

முதல்ல ஓட்டலாமாங்கறது. லைட் விடாம ஒரே மாதிரி எரியுது, டெம்பரேச்சர் ஏறல, மிஸ்ஸிங் இல்ல, பிக்கப் குறையலைன்னா மெதுவா ஓட்டலாம், பட்டறைக்குப் போய் வரலாம், பயம் வேண்டாம். லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா அது வேற விஷயம். அப்ப சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள்ள போய் அங்க எரியுதுன்னு அர்த்தம், உடனே ஆக்ஸிலேட்டரைக் குறைச்சு பாதுகாப்பா ஓரம் கட்டிடுங்க. அதுவும் பிப்ரவரி, மார்ச்ல காஞ்ச புல்லு மேல மட்டும் நிறுத்தாதீங்க, அந்த மாதிரி நேரத்துல கன்வெர்ட்டர் காயற சூடுக்குப் புல்லு பத்திக்கும், நம்ம காட் ரோட்டுல அது சின்ன விஷயம் இல்ல. டெம்பரேச்சர் முள்ளு மேல போனாலோ சிவப்பு லைட் எரிஞ்சாலோ ஒரு அடி கூட ஏறக்கூடாது, புது கேஸ்கெட்டும் போயிரும்.

இப்ப அந்த ரெண்டு கோட். நம்ம ஊர்ல 2013 ஏப்ரல்ல இருந்து வந்த கார்கள்ல ஓபிடி 2-ங்கற, வண்டி தானே தப்பைக் கண்டுபிடிச்சு கோடா பதியற முறை இருக்கு, ஸ்டீரிங்குக்குக் கீழ 16 பின் சாக்கெட், எந்த சாதாரண ஸ்கேனரும் அதுல படிக்கும். பி 0171-ன்னா கலவைல காத்து அதிகம் பெட்ரோல் கம்மின்னு (இதைத்தான் லீன்னு சொல்வாங்க) இசியூ, அதாவது இஞ்சினை நடத்தற கம்ப்யூட்டர், நினைக்குது. பி 0420-ன்னா கன்வெர்ட்டர் வேலை செய்யற அளவு பத்தலைன்னு பின்னாடி சென்சாரை வச்சு முடிவு பண்ணியிருக்கு. இதுவரைக்கும் உறுதி. ஆனா ரெண்டுமே இந்தப் பார்ட்டை மாத்துன்னு சொல்ற கோட் இல்ல, சென்சாருக்கு இப்படித் தெரியுதுன்னு சொல்ற கோட். அந்த ஆக்சிஜன் சென்சார் ரெண்டும் எங்க உக்காந்திருக்கு? சைலன்ஸர் லைன்ல. ஒண்ணு கன்வெர்ட்டருக்கு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. ஹெட்டைக் கழட்டும்போது அந்த லைனைத்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோட (எல்லா சிலிண்டர் புகையையும் சேத்து சைலன்ஸர் லைனுக்கு அனுப்பற பாகம்) சேத்துக் கழட்டியிருப்பாங்க.

அதனால என் முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஜாயின்ட் மேல. எக்ஸாஸ்ட்ல புகை ஒரே சீரா போறதில்ல, ஒவ்வொரு சிலிண்டரும் விடும்போது ஒரு தள்ளு, அடுத்ததுக்கு நடுவுல ஒரு சின்ன இழுப்பு. ஜாயின்ட்ல மயிரிழை கேப் இருந்தா கூட அந்த இழுப்புல வெளிக்காத்து உள்ள போகும். முன் சென்சார் அந்தக் காத்துல இருக்கற ஆக்சிஜனைப் பாத்து ஐயோ பெட்ரோல் பத்தலைன்னு சொல்லும், இசியூ நம்பி பெட்ரோலை ஏத்தும், ஏத்தி ஏத்தி ஒரு அளவுக்கு மேல ஏத்த முடியாதப்ப பி 0171 போடும். நிஜத்துல கலவை ரிச்சா, அதாவது பெட்ரோல் அதிகமா இருக்கும், மைலேஜ் குறையும், பிளக் கறுப்பா இருக்கும். அந்த ரிச் புகையும் திருட்டுக் காத்தும் சேந்து கன்வெர்ட்டருக்குள்ள போனா அதோட கணக்கும் கெட்டு பின் சென்சார் ஆட ஆரம்பிச்சிரும், அப்ப பி 0420. ஒரே லீக், ரெண்டு கோட். ஹெட் வேலைக்கு அப்புறம் இந்த ரெண்டும் ஜோடியா வந்தா நான் வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி இதைத்தான் பாப்பேன். பழைய மேனிஃபோல்டு கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருக்கலாம், நட்டு ஒண்ணு ரெண்டு கைக்கு எட்டலைன்னு சரியா முறுக்காம விட்டிருக்கலாம், ஸ்டட் ஒண்ணு கழட்டும்போதே ஒடைஞ்சிருக்கலாம், இல்ல ஹீட் ஆனதுல மேனிஃபோல்டே வளைஞ்சோ விரிசல் விட்டோ இருக்கலாம். ஹெட்டை ஃபேஸிங் போட்டவங்க மேனிஃபோல்டு முகத்துல ஒரு ஸ்கேல் வச்சுக் கூட பாக்காம மாட்டறது ரொம்ப சகஜம்.

இதைக் கண்டுபிடிக்க நம்ம மலைக்குளிரே உதவும். விடிகாலைல, ராத்திரி பூரா நின்ன வண்டியை பானட்டைத் தூக்கி வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லி நீங்க மேனிஃபோல்டு பக்கம் நில்லுங்க. லீக் இருந்தா முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் டிக் டிக்னு ஒரு சத்தம் வரும், இரும்பு சூடாகி விரிஞ்சதும் அது அடங்கிரும், அதனாலதான் மத்தியானம் பட்டறைல காட்டும்போது ஒண்ணுமே தெரியாது. குளிர்ல புகைல இருக்கற ஈரம் வெள்ளையாத் தெரியறதால ஜாயின்ட்ல இருந்து மெல்லிசா ஆவி வர்றதையே சில சமயம் கண்ணால பாக்கலாம். ஒருத்தர் தடிமனான துணியை வச்சு சைலன்ஸர் வாயை ஒரு ரெண்டு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா ப்ரெஷர் ஏறி லீக் இருக்கற இடத்துல உஸ்ஸுன்னு கேக்கும், அதுக்கு மேல பிடிக்க வேண்டாம், மூடின ஷெட்டுக்குள்ள செய்யவும் வேண்டாம், அந்தப் புகை விஷம். ஹீட் ஷீல்டைக் கழட்டினா ஜாயின்ட் ஓரம் கறுப்பா கரி பிடிச்ச தடம் இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. ஸ்மோக் மெஷின் இருக்கற பட்டறைன்னா அஞ்சு நிமிஷ வேலை.

இஞ்சினுக்குள்ள காத்து போற இன்டேக் பக்கம் காத்து லீக் இருந்தாலும் பி 0171 வரும்னு எல்லாரும் சொல்வாங்க, அது பாதி உண்மை. வண்டில எந்த சென்சார்னு பாக்கணும். ஏர் ஃபில்டருக்கு அடுத்து குழாய்ல மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கற வண்டின்னா அந்த சென்சாரைத் தாண்டி எங்க ஓட்டை இருந்தாலும் அந்தக் காத்து கணக்குல வராது, லீன் ஆகும். ஆனா நம்ம ஊர் சின்ன பெட்ரோல் கார்ல நிறைய வண்டி இன்டேக் மேனிஃபோல்டு ப்ரெஷரை அளக்கற மேப் சென்சார் வச்சது, அதுல ஹோஸ் கழண்டு காத்து புகுந்தா ப்ரெஷர் ஏறினதை சென்சாரே பாத்துரும், இசியூ அதுக்கேத்த பெட்ரோலும் போடும், அதனால லீன் கோடை விட ஐட்லிங் ஏறிக்கிட்டு நிக்கறதுதான் பெரிய அறிகுறி. உங்க வண்டி ஐட்லிங் சரியா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. மேப் சென்சார் வண்டியா இருந்தா இன்டேக் லீக் மேல எனக்கு சந்தேகம் குறையும், எக்ஸாஸ்ட் மேல இன்னும் கூடும். இருந்தாலும் ப்ரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ், இன்ஜெக்டர் ஓ ரிங் மூணையும் பாத்துடச் சொல்லுங்க, கழட்டி மாட்டின இடம்தானே. காத்து லீக் பாக்கறேன்னு சூடான இஞ்சின் மேல கார்ப் க்ளீனர் அடிச்சுப் பாக்கறவங்களை விடாதீங்க, தீப்பிடிக்கும்.

ஸ்கேனர்ல கோட் மட்டும் பாத்துட்டு மூடிடறாங்க, அதுலயே லைவ் டேட்டான்னு ஒண்ணு இருக்கு, அங்கதான் விஷயமே. ஷார்ட் டர்ம் ஃப்யூவல் ட்ரிம், லாங் டர்ம் ஃப்யூவல் ட்ரிம்னு ரெண்டு நம்பர், இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது குறைக்குதுங்கற கணக்கு. ரெண்டையும் கூட்டினா பிளஸ் மைனஸ் 10-க்குள்ள இருக்கறது நல்ல வண்டி, 20, 25 சதவீதம்னு பிளஸ்ல போனாத்தான் பொதுவா பி 0171 விழும். இஞ்சின் நல்லா சூடானதும் ஐட்லிங்ல ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்ல பிடிச்சு ஒரு தடவை, பர்லியார் மாதிரி ஏத்தத்துல செகண்ட் கியர்ல இழுக்கும்போது ஒரு தடவை, பக்கத்துல உக்காந்தவங்க பாத்து எழுதிக்கட்டும். ஐட்லிங்ல நிறைய இருந்து ஆர்பிஎம் ஏத்தினதும் குறைஞ்சா எங்கயோ காத்து புகுது. ஐட்லிங்ல சரியா இருந்து ஏத்தத்துல இழுக்கும்போது கூடினா பெட்ரோல் பத்தல, பம்ப்போ ஃபில்டரோ இன்ஜெக்டரோ. எங்கயும் ஒரே மாதிரி கூடவே இருந்தா சென்சாரையும் பெட்ரோல் ப்ரெஷரையும் பாக்கணும். இந்த மூணு நம்பர் இல்லாம எந்தப் பார்ட்டையும் மாத்தச் சொல்றவங்க ஊகத்துல சொல்றாங்க, அவ்ளோதான்.

மலைல இருக்கறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு. கீழ இருக்கற பட்டறைல பழகின நம்பரை வச்சு இங்க வண்டியைப் பாத்தா நல்ல இஞ்சினையே கெட்டதுன்னு சொல்லிருவாங்க. குன்னூர் சுமார் 1850 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர் உசரம். மேட்டுப்பாளையத்துல காத்தோட அழுத்தம் 97 கிலோபாஸ்கல் பக்கம், குன்னூர்ல 81, ஊட்டில 77. மேப் சென்சார் நல்லா இருக்கான்னு பாக்க சுலபமான வழி இதுதான்: இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணி லைவ் டேட்டால பாருங்க, குன்னூர்ல நின்னா 80, 81 காட்டணும். 95 காட்டினா சென்சாரோ அதோட வயரோ பொய் சொல்லுது. அதே மாதிரி வேக்குவம் கேஜ் கீழ 18, 20 இன்ச் காட்டற இஞ்சின் இங்க 12, 14 தான் காட்டும், கம்ப்ரெஷன் கீழ 180 பிஎஸ்ஐ வர்ற சிலிண்டர் இங்க 145 பக்கம் வரும், ரெண்டும் நார்மல். நாலு சிலிண்டருக்கும் நடுவுல வித்தியாசம் இருக்கான்னு பாருங்க, அதுதான் முக்கியம். ஒண்ணு மட்டும் தனியா இறங்கியிருந்தா கேஸ்கெட்டோ வால்வோ சரியா உக்காரல. நாலும் ஒரே மாதிரி 145 வந்தா வேலை நல்ல வேலை, மெக்கானிக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

டைமிங் செயின் ஒரு பல்லு மாறி மாட்டியிருப்பாங்களோன்னு கேட்டிருந்தீங்க. அப்படி இருந்தா பெரும்பாலும் பி 0016 வரும், கேமுக்கும் க்ராங்குக்கும் கணக்கு ஒத்துப்போகலைங்கற கோட் அது. இழுவையும் குறையும். உங்களுக்கு அது வரல, இழுவையும் சரியா இருக்கு, அதனால அந்தக் கவலையைக் கடைசில வைங்க. ஃபேஸிங்ல ஹெட் கொஞ்சம் தேயறதால கேம் டைமிங் துளி மாறும், லேசா ஒரு சீவு சீவினதுக்கெல்லாம் லைட் எரியாது.

கன்வெர்ட்டர் நிஜமாவே போயிருக்க வாய்ப்பு இருக்கான்னா, இருக்கு, அதை மறைக்கக் கூடாது. கேஸ்கெட் போன வண்டில கூலன்ட் சிலிண்டருக்குள்ள போய் எரிஞ்சு அதுல இருக்கற ரசாயனம் சென்சார் மேலயும் கன்வெர்ட்டர் உள்ள தேன்கூடு மாதிரி இருக்கற பகுதிலயும் படியும், படிஞ்சா வேலை குறையும். ஹீட் ஆனப்புறமும் எவ்ளோ தூரம் ஓட்டினீங்க, வெள்ளைப் புகையோட எத்தனை நாள் ஓடுச்சுங்கறதைப் பொறுத்தது அது. அதோட இஞ்சின் பூட்டும்போது சாதாரண சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமா பூசியிருந்தா அதோட ஆவியும் ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும், சென்சாருக்குப் பாதகம் இல்லாத பேஸ்ட்டுன்னு தனியா இருக்கு, எதைப் போட்டாங்கன்னு கேட்டுப் பாருங்க. முன் சென்சாரைக் கழட்டி முனையைப் பாக்கலாம், வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருந்தா அந்த சென்சாரை மாத்தறது நியாயம். ஆனா உங்க கன்வெர்ட்டர் உயிரோட இருக்கா இல்லையான்னு வண்டியைப் பாக்காம இங்க உக்காந்து நானும் சொல்ல முடியாது, லீக்கை அடைக்காம அவங்களும் சொல்ல முடியாது. லீக் அடைச்சு, ட்ரிம் நம்பர் 10-க்குள்ள வந்தப்புறம் லைவ் டேட்டால பின் சென்சாரைப் பாக்கணும். முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல வேகமா ஆடும், பின் சென்சார் 0.6, 0.7 பக்கம் அமைதியா நின்னா கன்வெர்ட்டர் நல்லா இருக்கு, ரெண்டும் ஒரே தாளத்துல ஆடினா அப்பத்தான் கன்வெர்ட்டர் போச்சுங்கறதை நான் ஒத்துப்பேன். சில புது வண்டில முன் சென்சார் வேற வகை, அதுல இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது, பின் சென்சார் கணக்கு மட்டும் பொருந்தும்.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்றேன், ஏன்னா இது விட்டுப்போனா அடுத்த கேஸ்கெட்டும் போகும். முதல்ல ஏன் ஹீட் ஆச்சுன்னு யாராவது கண்டுபிடிச்சாங்களா? உங்க பில்லுல ரேடியேட்டர் மூடியும் தெர்மோஸ்டாட்டும் (சூடு ஏறினதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்து விடற வால்வு) இல்ல. குன்னூர் உசரத்துல தண்ணி 94 டிகிரிலயே கொதிக்கும், மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கறதாலதான் அது கொதிக்காம இருக்கு. மூடி ரப்பர் தேஞ்சுபோச்சுன்னா, நிறைய வண்டில ஃபேன் சுத்த ஆரம்பிக்கறதே 95-க்கு மேலங்கறதால, கூலன்ட்ல தண்ணி அதிகமா இருந்தா ஃபேன் ஓடறதுக்கு முன்னாடியே உள்ள கொதிச்சு ஆவியாயிரலாம். சில நூறு ரூபா பொருள், கண்ணை மூடிட்டு மாத்துங்க. தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டா ஹீட்டே ஆகாதுன்னு ஒரு பழக்கம் இன்னும் நிறையப் பட்டறைல இருக்கு, அதைச் செஞ்சிருந்தா மலைக்குளிர்ல இஞ்சின் சூடே ஏறாது, குன்னூர்ல இருந்து கல்லாறு இறங்கற வரைக்கும் கியர்லயே இறங்கும்போது இருக்கற சூடும் போயிரும், இசியூ இன்னும் குளிர் இஞ்சின்னு நினைச்சு பெட்ரோலைக் கொட்டும், இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு பி 0128-ங்கற இன்னொரு கோடும் வரும். லைவ் டேட்டால கூலன்ட் டெம்பரேச்சர் 80-ஐத் தாண்டி நிலையா நிக்குதான்னு பாத்தா தெரிஞ்சுரும். கூலன்ட் ஊத்தினதும் ஏர் லாக் எடுத்தாங்களான்னும் கேளுங்க, தினம் காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கூலன்ட் அளவைக் குறிச்சு வைங்க. எந்த லீக்கும் வெளிய தெரியாம அளவு குறைஞ்சுக்கிட்டே வந்தா கேஸ்கெட் இன்னும் பிடிக்கல, அப்ப மத்த எல்லாத்தையும் நிறுத்திட்டு அதைத்தான் பாக்கணும்.

அழிச்சு விடறதைப் பத்தி. கோடை அழிச்சா அது கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமும் போயிரும், அதாவது கோட் விழுந்த நேரத்துல ஆர்பிஎம் என்ன, ஸ்பீடு என்ன, இஞ்சின் சூடு என்னங்கற பதிவு. அதான் நமக்கு சாட்சி. பேட்டரியைக் கழட்டினாலும் நிறைய வண்டில அதே கதிதான். அதனால இனிமே யாரும் அழிக்கறதுக்கு முன்னாடி போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க. அழிச்சதும் நாலு நாள் லைட் வராததால சரியாச்சுன்னு நினைக்கறதும் தப்பு, இந்த ரெண்டு கோடும் பொதுவா ஒரே ஓட்டத்துல (ஸ்டார்ட் பண்ணி ஓட்டி நிறுத்தற வரைக்கும் ஒரு ஓட்டம்) விழாது, தப்பு அடுத்தடுத்த ஓட்டத்துலயும் தெரிஞ்சாத்தான் லைட் போடும். அதுவும் கன்வெர்ட்டர் சோதனைய நடத்த இசியூவுக்கு இஞ்சின் சூடாகி, ஒரே சீரான வேகத்துல கொஞ்ச நேரம் ஓடணும், பதினாலு கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோட்டுல அது எப்படிக் கிடைக்கும். வேலை முடிஞ்சதும் கீழ இறங்கி காரமடை தாண்டி கோயம்புத்தூர் ரோட்டுல ட்ராஃபிக் இல்லாத நேரமா பாத்து 60, 70-ல ஒரே சீரா ஒரு இருபது நிமிஷம் ஓட்டிட்டு வாங்க, ஸ்கேனர்ல ரெடினஸ்ங்கற பக்கத்துல கேடலிஸ்ட்டுக்கு நேரா ரெடின்னு வந்தப்புறமும் கோட் இல்லைன்னாத்தான் சரியாச்சு. நீங்க அழிக்காமயே விட்டாலும் தப்பு நிஜமா சரியாயிருந்தா தொடர்ந்து மூணு ஓட்டம் சுத்தமா போனதும் லைட் தானா அணையும்.

வேலை பார்த்த மெக்கானிக்கிட்ட திரும்பப் போகும்போது சண்டைக்குப் போகாதீங்க, நீ செஞ்சது தப்புன்னு ஆரம்பிச்சா அவரும் சென்சார் மேல பழியைப் போட்டுட்டு நிப்பார். அண்ணா, மேனிஃபோல்டு ஜாயின்ட்டைக் காலைல குளிர்ல ஒருக்கா பாத்துருவோம், புது கேஸ்கெட் நான் வாங்கித் தர்றேன்னு சொல்லிப் பாருங்க, அதே ஹெட்டைக் கழட்டி மாட்டினவருக்கு எந்த நட்டு சிரமமா இருந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியும். அதோட ஹெட்டுல இருந்து பாடிக்குப் போற எர்த் ஒயரையும், முன் சென்சார் பின் சென்சார் கனெக்டர் இடம் மாறி மாட்டியிருக்கான்னும் அவரையே பாக்கச் சொல்லுங்க, சில வண்டில ரெண்டு பிளக்கும் ஒரே மாதிரி இருக்கும். இத்தனைக்கு அப்புறமும் கன்வெர்ட்டர்தான்னு முடிவானா மாத்துங்க, ஆனா கழட்டின பழசைக் கையில வாங்கிக்குங்க, அதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கு, பழசுக்கே நல்ல விலை உண்டு, அவங்களே வச்சுக்கிட்டா பில்லுல கழிச்சுத் தரணும். உள்ள இருக்கறதைத் தட்டி எடுத்துட்டு வெறும் டப்பாவா மாட்டித் தர்றேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, லைட்டும் அணையாது, புகை சோதனைலயும் மாட்டும்.

இப்போதைக்கு கன்வெர்ட்டருக்கு அட்வான்ஸ் எதுவும் குடுக்காதீங்க. காலைல அந்த டிக் டிக் சத்தம் கேக்குதா, மூணு இடத்துல ட்ரிம் நம்பர் என்ன, சாவி ஆன்ல மேப் எவ்ளோ, கூலன்ட் எத்தனை டிகிரில நிக்குது, இந்த நாலையும் பாத்துட்டு வண்டி மாடலையும் வருஷத்தையும் சேத்து எழுதுங்க, அடுத்து எதைக் கழட்டணும்னு அதை வச்சு சொல்றேன்.